பதினேழாம் கேள்வி

டிரக்கி சோதனைச் சாவடி, இரவு பதினொன்றரை.
வலைக்குள் நானூற்றெட்டுப் பெட்டிகள்.
அடித்தட்டில் நெருப்பெறும்பு ஒட்டியிருக்கிறதா என்று
டார்ச்சோடு குனிந்து போகிறான் ஒருவன்.
ஸ்டீயரிங்கின் மேல் விரித்திருக்கிறேன்
சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வின் மாதிரித்தாளை.

ஒரு தீவு.
அங்கே விதை வைத்த செடி எதுவானாலும்
ஏதோ ஓர் உயிர் அதன் பூவைத் தொட்டிருக்கும்.
அந்துப்பூச்சி தொடுவது
இரவில் பூப்பவற்றை மட்டுமே.
ஆர்க்கிட் பகலில் மட்டும் பூக்கும்.
ஆர்க்கிட் விதை வைத்திருக்கிறது.
எனில்
எது கட்டாயம் உண்மை?

'மட்டுமே'யில் பென்சிலை ஊன்றினேன்.
சின்னச் சொல். கடைசி ஏகாரம்
கதவைச் சாத்தித் தாழும் போடுகிறது.
இரவுப்பூ எல்லாவற்றையும் அந்து தொடும் என்றா சொன்னார்கள்? இல்லை.
பகல்பூவைத் தொடாது, அவ்வளவுதான்.
ஆக, ஆர்க்கிட்டுக்கு அந்து வரவில்லை.
ஆனாலும் விதை இருக்கிறது.
யாரோ வந்து போயிருக்கிறார்கள்.
யார்?

என் முதுகுக்குப் பின்னால்
எண்பது லட்சம் பேர் முணுமுணுத்தார்கள்.
'இ. தேனீ.'
அழுத்தி வட்டமிட்டேன்.

தப்பு.
விடைப்பக்கத்தில் 'உ':
அந்து அல்லாத ஏதோ ஒன்று.
பெயர் இல்லை, சிறகு இல்லை,
கொட்ட ஒரு கொடுக்குக்கூட இல்லை.
அந்தத் தீவில் தேனீ இருப்பதாக யாரும் சொல்லவில்லை, மைத்தே.
நீதான் ஐடஹோவிலிருந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாய்.

கதவைத் தட்டினான். போகலாம்.

மலையிறங்கும் வரை பனிச்சேறு.
ஹில்மருக்கு வெளியே தோட்டத்தில்
விடியுமுன் ஃபோர்க்லிஃப்ட் வைத்து இறக்கினோம்.
பாதாம் மரங்கள் பாதி மலர்ந்திருந்தன,
மூடுபனியில் எது பூ எது பனி என்று பிரிக்க முடியாமல்.
இந்த நாட்டுக் கணக்கில் நாற்பத்தெட்டு டிகிரி.
ஐம்பத்தைந்துக்குக் கீழே
என் பயணிகள் யாரும் காலை வெளியே வைக்கமாட்டார்கள்.

பத்து மணிக்கு சில்வேரா வந்தார்,
கழுவித் துடைத்த வெள்ளைப் பிக்கப்பில்.
வரிசை வரிசையாகப் பெட்டி வாசல்களைப் பார்த்தார்.
"செத்த தேனீ பறக்காது.
இதுகள் பறக்கவில்லை.
செத்ததை இறக்கிவிட்டுக் காசு கேட்கிறாய்."

எனக்குக் கை பரபரத்தது, பென்சிலுக்கு.
"செத்தது பறக்காது, சரி.
பறக்காததெல்லாம் செத்ததா?
நீங்கள்கூடத்தான் காலையிலிருந்து பறக்கவில்லை."

சிரிக்கவில்லை.
பெட்டியில் காதை வைத்துப் பாருங்கள் என்றேன்.
இருநூறு ஏக்கர் பாதாம் வைத்திருக்கிறவர்
இரண்டடி பின்னால் போனார்.
"ஒன்றுகூட இல்லை," என்றார், "ஒன்றுகூட."

அந்த 'கூட'வைப் பிடித்துக்கொண்டேன்.
அவராகக் கொடுத்த பிடி.

பத்தேமுக்காலுக்கு மூடுபனி ஓரத்தில் கிழிந்து
ஒரு முழ வெயில் மூன்றாவது வரிசையில் விழுந்தது.
பெட்டியின் பிளவில் ஒரு தலை.
பலகையில் நடந்தது,
உணர்கொம்பைக் காலால் வழித்துக்கொண்டது,
எழும்பியது,
இரண்டு நாள் அடக்கிவைத்ததை
பிக்கப்பின் முன்கண்ணாடியில்
மஞ்சளாக ஒரு சொட்டு இறக்கிவிட்டு
கிளைக்குள் போனது.

தேர்வுத்தாளில்
'சில' என்றால் குறைந்தது ஒன்று.

விரலால் துடைக்கப் பார்த்தார். இழுகியது.
"சரி, ஒன்று," என்றார்.
பிறகு, "மீதி?"

நியாயமான கேள்வி.
ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் தாவ
எந்த விடைப்பக்கமும் விடாது.
என்னிடம் அதற்கு வாதம் இல்லை, தெர்மோமீட்டர்தான் இருந்தது.
அதைக் கண்ணாடி மேல் வைத்தேன்,
மஞ்சள் சொட்டுக்குப் பக்கத்தில்.
இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஐம்பத்திரண்டு.